வகுப்புக்கு வராத நாட்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பருவத் தேர்வு நெருங்கும் மாதங்களில் வருகைப் பதிவு குறைந்துபோனவர்களின் கடிதங்களும் அவர்களைப் பெற்றவர்களின் கடிதங்களும் மிகுதியாக வருகின்றன. சேலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இம்மாதக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுகிறேன். வந்தவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகன் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய வருகைப் பதிவு 62 விழுக்காடுதான் இருப்பதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கேட்டால், "எல்லாப் பாடமும் யூடியூபில் இருக்கிறது, வகுப்பில் போய் உட்கார்ந்தால்தான் மதிப்பெண் வருமா?" என்கிறான். நாங்கள் தறி நெய்து அவனைப் படிக்க வைக்கிறோம். அவன் சொல்வது சரியா, ஐயா?
– ஒரு தாய், அம்மாபேட்டை

பதில்: அம்மா, உங்கள் மகன் கேட்பது ஒதுக்கித் தள்ளத் தக்க கேள்வி அன்று. உலகெங்கும் கல்வியாளர்கள் பல காலமாகக் கேட்டு வந்த கேள்விதான் அது. விடையும் ஓரளவு தெளிவாகவே கிடைத்திருக்கிறது.

2010ஆம் ஆண்டில் மார்க்கஸ் க்ரெடே என்பவரும் அவருடன் இருவரும் சேர்ந்து, அதுவரை வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, கல்லூரி வகுப்புக்கு வருவதற்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். தொடர்பே இல்லையென்றால் சுழியம், முழுத் தொடர்பு இருந்தால் ஒன்று என்று கொள்ளும் ஒட்டுறவுக் கெழுவில், அவர்களுக்குக் கிடைத்த அளவு ஏறத்தாழ 0.44. இதை எளிமையாகச் சொன்னால், ஒரு வகுப்பில் மாணவர்களுக்கு இடையே காணப்படும் மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அவர்கள் வகுப்புக்கு வந்ததோடும் வராததோடும் சேர்ந்து நகர்கிறது. மீதி நான்கு பங்குக்கு வேறு காரணங்கள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆயினும் பள்ளி இறுதி மதிப்பெண்ணோ, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோ, படிக்கும் பழக்கமோ கல்லூரி மதிப்பெண்ணைச் சுட்டுவதைவிட வருகை நன்றாகச் சுட்டுகிறது என்பதே அவர்களின் முடிவு.

"ஆர்வம் உள்ளவன் வகுப்புக்கும் வருவான், நன்றாகவும் எழுதுவான், வருகையால் மதிப்பெண் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று உங்கள் மகன் திருப்பிக் கேட்கக்கூடும். கணிதம் படிப்பவன் அப்படிக் கேட்கத்தான் வேண்டும். அதற்கும் விடை தேடியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் நகரப் பல்கலைக்கழகத்தில், இடைத் தேர்வில் நடு அளவுக்குக் கீழே மதிப்பெண் பெற்றவர்கள் மட்டும் கட்டாயம் வகுப்புக்கு வரவேண்டும் என்று ஒரு விதி வைத்துப் பார்த்தார்கள். கோட்டுக்கு ஒரு மதிப்பெண் மேலே இருப்பவனும் ஒரு மதிப்பெண் கீழே இருப்பவனும் ஆர்வத்திலும் திறமையிலும் ஒன்றுபோல்தான் இருப்பார்கள். அவர்களுக்குள் வேறுபாடு வருகை ஒன்றுதான். கட்டாயத்தால் வந்தவர்கள் இறுதித் தேர்வில் முன்னேறினார்கள். தைவானில் ஓர் ஆசிரியர் இரண்டு வகுப்புகளுக்கு ஒரே பாடத்தை நடத்தும்போது, சில பகுதிகளை ஒன்றில் நடத்தி மற்றதில் நடத்தாமல் விட்டு, பிறகு இரு வகுப்பினருக்கும் அந்தப் பகுதிகளிலிருந்து வினாக் கேட்டுப் பார்த்த ஆய்வும் உண்டு. அங்கும் வகுப்பில் இருந்து கேட்டவர்களே நன்றாக எழுதினார்கள்.

யூடியூபைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். தேற்றம் ஒன்று புரியாதபோது இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்க அது நல்ல துணை. ஆனால் எது தனக்குப் புரியவில்லை என்று தெரிந்தவனுக்குத்தான் அது துணை. எதை விட்டோம் என்றே தெரியாதவனுக்கு எங்கே தேடுவது என்பது தெரியாது.

நான் மாணவர்களின் குறிப்பேடுகளை வாங்கிப் பார்ப்பது வழக்கம். வராத நாட்களுக்கு என்று இரண்டு பக்கமோ மூன்று பக்கமோ வெற்றாக விட்டு, மேலே பென்சிலால் தேதியை மட்டும் குறித்து வைத்திருப்பார்கள். பிறகு யாரிடமாவது வாங்கி எழுதிக்கொள்ளலாம் என்ற நல்லெண்ணம்தான். பருவம் முடியும்போது அந்தக் குறிப்பேட்டைத் திரும்பப் பார்த்தால், தேதி இருக்கும், பக்கம் வெற்றாகவே இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெற்றுப் பக்கம் உள்ளவர்கள் எப்படியோ தேறிவிடுவார்கள். தொடர்ந்து எட்டு, பத்துப் பக்கங்கள் வெற்றாக இருக்கும் குறிப்பேடுகளைக் கண்டால் எனக்குக் கவலை வரும். ஏனென்றால் அதற்கு அடுத்த பக்கத்தில் அவன் எழுதியிருப்பது கரும்பலகையைப் பார்த்து எழுதியதாக இருக்குமே தவிர, புரிந்து எழுதியதாக இருக்காது. கணிதத்தில் இது இன்னும் கடுமை. நெசவில் இழை அறுந்த இடத்தில் முடிந்து ஓட்டாவிட்டால் அதற்கு மேல் துணி என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஒன்று செய்யுங்கள், அம்மா. அவனைத் திட்டாமல், அவனுடைய கணிதக் குறிப்பேட்டை எடுத்து வரச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து புரட்டுங்கள். கணக்குப் புரியவேண்டியதில்லை; வெற்றுப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை பிள்ளைகள் வகுப்பை வெறுத்து நின்றதைவிட, ஒரு முறை நின்றுவிட்டு, திரும்பப் போனால் புரியாதே என்ற அச்சத்தால் நின்றதே மிகுதி. அதுவரை யூடியூப் என்பது அவன் சொல்லும் பதில். உண்மையான பதில் அதற்குக் கீழே இருக்கலாம்.

பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் 75 விழுக்காடு இருந்தால் தேர்வு எழுதலாம்; 65க்கு மேல் இருந்தால் கண்டோனேஷன் கட்டணம், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கட்டணம், கட்டி எழுதலாம்; அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தில் எழுத முடியாமல் போகும். அவனுடைய கல்லூரியின் விதியைத் துறைத்தலைவரிடம் நேரில் சென்று கேட்டுக்கொள்ளுங்கள். 62க்கும் 65க்கும் உள்ள இடைவெளியை, பருவம் முடியவில்லையென்றால், இன்னும் நிரப்ப முடியும்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூரைத் தாண்டி எங்கள் ஊர். தினமும் முதல் பேருந்தில் சேலத்துக்கு வந்து படிக்கிறேன். எவ்வளவு முயன்றாலும் முதல் ஹவர் போய்விடுகிறது. மொத்த வருகை 78 இருக்கிறது, எந்தச் சிக்கலும் இல்லை என்று நினைத்தேன். ஆனால் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, ஒரே ஒரு பாடத்தில் மட்டும் இரண்டு முறை அரியர் விழுந்துவிட்டது. காப்பி பறிக்கும் காலத்தில் வீட்டிலும் நிற்கவேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், சேர்வராயன் மலை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விடை உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

நம் கலை, அறிவியல் கல்லூரிகளில் ஆறு டே ஆர்டர் (சுழன்று வரும் அட்டவணை நாள்), நாளுக்கு ஐந்து ஹவர் (பாடவேளை), ஆக 30 ஹவர் என்பது பொதுவான அமைப்பு. நாள்தோறும் முதல் ஹவரை விட்டால் 30இல் ஆறு போகிறது. மீதி 24, அதாவது 80 விழுக்காடு. காப்பிக்காக நின்ற சில நாட்களையும் கழித்தால் நீங்கள் சொல்லும் 78 வந்துவிடுகிறது. கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அந்த ஆறு முதல் ஹவர்களும் எந்தப் பாடத்துக்கு உரியவை என்று பாருங்கள். வாரத்துக்கு ஐந்து ஹவர் உள்ள ஒரு முதன்மைப் பாடத்துக்கு அவற்றுள் மூன்று ஒதுக்கப்பட்டிருந்தால், அந்தப் பாடத்தில் உங்கள் வருகை 78 அன்று, 40. அலுவலகத்தில் உள்ள பதிவேடு மொத்தத்தைப் பார்க்கிறது. தேர்வுத்தாள் பாடம் பாடமாகக் கேட்கிறது. அரியர் விழுந்த பாடமும் முதல் ஹவர்ப் பாடமும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை என்பதை முதலில் நம்புங்கள்.

வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது மொத்த விழுக்காட்டை வைத்தே எல்லாரும் பேசுகிறோம். ஆசிரியர்களாகிய நாங்களும் அப்படித்தான் பேசி வந்தோம். நான் பணியில் இருந்தபோது எங்கள் துறையில் மலையிலிருந்து வரும் மாணவர்கள் மூன்று பேர் ஒரே பாடத்தில் தவறிக்கொண்டிருந்தார்கள். பாடம் கடினம் என்றே ஓராண்டு முழுவதும் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் அட்டவணையைப் பார்த்தபோதுதான், அந்தப் பாடத்தின் நான்கு வகுப்புகள் முதல் ஹவரில் இருப்பதைக் கண்டேன். அதை மூன்றாம் ஹவருக்கு மாற்ற எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அந்த மூவரின் ஓராண்டு திரும்பி வரவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஆகவே ஒரு தாளில் ஆறு டே ஆர்டரையும் எழுதி, நீங்கள் தவறவிடும் ஹவர்களை வட்டமிட்டு, அதை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரைப் பாருங்கள். "பஸ் லேட்" என்று வாயால் சொன்னால் நூறு பேர் சொல்வதில் ஒன்றாகப் போய்விடும். இந்தத் தாள் அப்படிப் போகாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலோ, பனி இறங்கி ஓட்டுநர் மெதுவாக வந்தாலோ எவ்வளவு நேரம் போகும் என்பது சேலத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் ஹவரை மாற்ற இயலாவிட்டாலும், அந்தப் பாட ஆசிரியர் மாலையில் அரைமணி நேரம் ஒதுக்க முன்வரக்கூடும். சில கல்லூரிகளில் காலையில் ஒரு ஹவர் தவறினால் அரைநாளே வராததாகப் போடும் முறையும் உண்டு. உங்கள் கல்லூரியில் அது இல்லை என்பது உங்கள் விழுக்காட்டிலிருந்தே தெரிகிறது, அந்த அளவில் நல்லது. அரசின் மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்கவில்லையென்றால், இறுதியாண்டு என்று தயங்காமல் விண்ணப்பித்துப் பாருங்கள். வாரத்தில் ஐந்து இரவுகள் கீழே தங்கினாலே முதல் ஹவர் கிடைத்துவிடும்.

காப்பியைப் பற்றி. மலையில் அராபிகா பழுப்பது நவம்பரில் தொடங்கிச் சனவரி வரை போகிறது. இரட்டைப்படைப் பருவம் தொடங்குவதும் திசம்பரில்தான். அதாவது நீங்கள் பழம் பறிக்க நிற்கும் நாட்கள், ஒவ்வொரு பாடத்திலும் முதல் அலகு நடக்கும் நாட்கள். பருவத்தின் நடுவில் நான்கு நாள் நிற்பதும் தொடக்கத்தில் நான்கு நாள் நிற்பதும் பதிவேட்டில் ஒன்றுதான். படிப்பில் ஒன்று அன்று. பிந்தைய அலகுகள் எல்லாம் முதல் அலகின் வரையறைகள்மேல்தான் நிற்கின்றன. பறிப்பை நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது வீட்டின் ஓராண்டு வருமானம். பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை, மரத்துக்கு மூன்று நான்கு முறை கை வைக்கவேண்டியிருக்கிறது என்பதால், உங்கள் அப்பாவிடம் பேசி, தொடர்ந்து ஒரு வாரம் நிற்பதற்குப் பதிலாகச் சனி, ஞாயிறுகளைச் சேர்த்துப் பிரித்து நிற்க முடியுமா என்று கேளுங்கள். எண்ணிக்கை அதேதான், ஆனால் எந்தப் பாடத்திலும் தொடர்ச்சி அறுந்து போகாது.

கேள்வி: கொண்டலாம்பட்டியில் இரவு ஷிப்ட் விசைத்தறி ஓட்டிவிட்டுக் காலையில் கல்லூரிக்குப் போகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. வருகை 91. ஆனாலும் இரண்டு பாடத்தில் போய்விட்டது. வகுப்புக்கு வந்தால் மதிப்பெண் வரும் என்று சொல்கிறீர்களே?
– இரண்டாம் ஆண்டு மாணவர்

பதில்: தம்பி, உங்களைப் போன்றவர்களை, முதல் பதிலில் நான் சொன்ன அந்த 0.44 காட்டாது. அது பல்லாயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்த சராசரித் தொடர்பு. வந்து அமர்ந்திருப்பது கேட்பதற்கு வாய்ப்பைத் தருகிறது. கேட்பதற்கு விழித்திருக்கும் உடல் வேண்டும். இரவெல்லாம் தறியின் இரைச்சலில் நின்றவருக்குப் பத்து மணிக்குக் கண் சொருகுவது குற்றம் அன்று. அப்படித் தூங்கியவர்களை எழுப்பி நிற்கவைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காமலே. அது தவறு என்று பின்னால் உணர்ந்தேன்.

உங்களுக்கு வருகையைக் கூட்டவேண்டியதில்லை, தூக்கத்தைக் கூட்டவேண்டும். வாரத்தில் ஆறு இரவு ஓட்டுவதை நான்காகக் குறைக்க முதலாளியிடம் கேட்க முடிந்தால், எந்தெந்த மறுநாட்களில் கடினமான பாடங்கள் இருக்கின்றனவோ அந்த இரவுகளை விட்டுவிடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால், 2024இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழி உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேட்டீர்களா என்று தெரியப்படுத்துங்கள். இரண்டு இரவுக் கூலியை அது முழுமையாக ஈடு செய்யாது. ஆனாலும் வீட்டில் பேசுவதற்கு அது ஒரு பிடி.

கேள்வி: நான் வகுப்பில் முதல் மாணவி. குரூப் 2 பயிற்சிக்குப் போவதால் வருகை 71 ஆகிவிட்டது. 84 விழுக்காடு மதிப்பெண் வாங்குகிறவளையும் கண்டோனேஷன் கட்டச் சொல்வது நியாயமா?
– இறுதியாண்டு மாணவி, சேலம்

பதில்: விதி உங்கள் அறிவை அளக்க வந்தது அன்று, மகளே, அளக்கவும் அதற்குத் தெரியாது. ஒரு பருவத்துக்கு 90 வேலைநாட்கள் என்று கொண்டால், 75 விழுக்காடு என்பது 68 நாட்கள்; 22 நாட்கள் ஏற்கனவே உங்களுக்குத் தளர்வாக விடப்பட்டிருக்கின்றன. அதற்கு மேலும் நான்கைந்து நாட்கள் போயிருக்கின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கட்டணத்தைக் கட்டிவிட்டு மனத்தை அதிலிருந்து விடுவித்துக்கொள்வேன். குரூப் 2க்குப் பட்டம் வேண்டும். வருகைக் குறைவால் ஒரு பருவம் தள்ளிப்போனால், எந்தத் தேர்வுக்காக வகுப்பை விட்டீர்களோ அந்தத் தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியாமல் போகும். மீதமுள்ள நாட்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். 65க்குக் கீழே ஒரு நாளும் இறங்கவிடாதீர்கள்.

கேள்வி: தனியார் கல்லூரி ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அறுபது பேர் வகுப்பில் இருபது பேர் எப்போதும் வருவதில்லை. அவர்கள் டீடெய்ன் ஆகி, தேர்வு எழுத முடியாமல் நின்றுவிடக் கூடாதே என்று இரக்கப்பட்டு வருகை போட்டுவிடுகிறேன். செய்வது சரியா என்று மனம் உறுத்துகிறது.
– ஓர் ஆசிரியை, சேலம் மாவட்டம்

பதில்: உறுத்துவது நல்லதே, அம்மா. உங்கள் இரக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வராதவருக்கு நீங்கள் போடும் சாய்கோடு, அவருக்கு உதவி தேவை என்று மற்றவர்களுக்குச் சொல்லும் ஒரே அடையாளத்தை அழித்துவிடுகிறது. பருவத்தின் இறுதியில் அவர் ஹால் டிக்கெட் வாங்கிவிடுவார். தேர்வு அறையில் எழுதுவதற்கு எதுவும் இருக்காது. டீடெய்ன் ஆவதிலிருந்து காப்பாற்றி அரியரில் விடுகிறோம்.

அதற்காகக் கெடுபிடி ஒன்றையே நம்பவும் வேண்டாம். முன்னே சொன்ன அதே 2010 ஆய்வு, கட்டாய வருகை விதிகளால் சராசரி மதிப்பெண் உயர்வது உண்மைதான் என்றாலும் அந்த உயர்வு சிறியது என்றே காட்டுகிறது. வகுப்பில் நடப்பது வெளியில் கிடைக்காததாக இருக்கவேண்டும் என்பதே அதிலிருந்து நான் புரிந்துகொண்டது. நோட்ஸைச் சொல்லச் சொல்ல எழுதவைத்துவிட்டு வெளியேறினால், அந்த நோட்ஸ் மறுநாளே கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடும். பிறகு அவர்கள் ஏன் வரவேண்டும்? பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கணக்கை எடுத்து, எங்கே மதிப்பெண் போகும் என்று காட்டி, அவர்களையே பலகையில் போடச்சொல்லுங்கள். நான் இதை மிகத் தாமதமாகத்தான் தொடங்கினேன். தொடங்கிய பிறகு பின்வரிசை நிரம்புவதைக் கண்டேன்.

இருபது பேரையும் ஒன்றாகப் பார்க்கவேண்டாம். பதிவேட்டில் அங்கங்கே 'ஏ' விழுந்திருக்கும் பெயர்களை விட்டுவிட்டு, தொடர்ந்து மூன்று நாள் 'ஏ' விழுந்த பெயரை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒரு வாரத்தில் நான்கைந்துக்கு மேல் வராது. நான்காம் நாள் காலையில் வகுப்பு தொடங்குமுன் அவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். ஏன் வரவில்லை என்று முதலில் கேட்கவேண்டாம். கடந்த மூன்று நாளில் எந்தப் பக்கம் வரை நடத்தியிருக்கிறீர்கள் என்பதையும், அவருடைய பெஞ்சில் யாரிடம் குறிப்பேடு முழுமையாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஏன் வரவில்லை என்பதைப் பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.